எங்கள் பிழைப்பைக் காட்டிக் கேள்வியை மூடாதீர்கள்

ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் பொறுப்பில் இருப்போருக்கு,

ஓட்டுநரில்லாக் கார்களை இந்த நாட்டுக்குள் அனுமதிக்கப் போவதில்லை என்று துறையின் அமைச்சர் 2017-இல் சொன்னார். 2023 டிசம்பரில் நாக்பூரில் மறுபடியும் சொன்னார். இரண்டு முறையும் காட்டப்பட்ட காரணம் ஒன்றுதான்: லட்சக்கணக்கான ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பது. அந்த லட்சக்கணக்கானோரில் நானும் ஒருவன். மதுரையில் குடியிருந்துகொண்டு 31 ஆண்டுகள் லாரியும் பேருந்தும் ஓட்டியவன். கண்புரை அறுவைக்குப் பிறகு கனரக வாகனத்தை விட்டுவிட்டு, இப்போது ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுத் தருகிறேன். எங்கள் வயிற்றைப் பற்றி யோசித்ததற்கு நன்றியுடையவன். ஆயினும் எங்கள் பிழைப்பைக் காட்டி நீங்கள் மூடி வைத்துவிட்ட கேள்வி எங்கள் பிழைப்பைவிடப் பெரியது. சாலையில் போகிறவர் தம் உயிரை மனிதனை நம்பி ஒப்படைப்பதா, இயந்திரத்தை நம்பி ஒப்படைப்பதா, யாரை நம்பினாலும் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும் நாளில் பதில் சொல்லப்போவது யார் என்பதே அந்தக் கேள்வி. அதற்கு உங்களிடமிருந்து இதுவரை விடை வரவில்லை.

மனிதனை நம்பலாம், இயந்திரத்தை நம்ப முடியாது என்று சட்டென்று சொல்லிவிட என்னால் இயலவில்லை. 2022-ஆம் ஆண்டுக்கு உங்கள் அமைச்சகமே வெளியிட்ட அறிக்கையில், அந்த ஓராண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்ததாகவும் 1,68,491 பேர் இறந்ததாகவும் உள்ளது. விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடுதான் முதலிடம். இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர் என்று கணக்கு வருகிறது. நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19 பேர் நடந்து போனவர்கள். இத்தனையும் என்னைப் போன்ற மனிதர்கள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தபோது நடந்தவை. இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இயந்திரத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எண்களில் வராத ஓர் இரவையும் சொல்கிறேன். நான்குவழிச்சாலை வருவதற்கு முந்தைய காலம், மாசி மாதம். சேலத்திலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏற்றக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால் 17 மணி நேரமாக நான் கண்ணை மூடவில்லை. வாடிப்பட்டியைத் தாண்டியதும் கிளீனர் பையன் "அண்ணே!" என்று அலறினான். பிரேக்கை மிதித்த பிறகுதான் நான் தூங்கிப்போயிருந்தது எனக்கே தெரிந்தது. எதிரே ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் சென்ற டிராக்டர் டிரெய்லர் ஒன்று, பின்விளக்கு இல்லாமல், கட்டுக்குக் குறுக்கே ஒரு சிவப்புத் துணியை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. என் கண்ணாடிக்கும் அந்தக் கட்டுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. காய்ந்த தோகை ஒன்று வைப்பரில் மாட்டிக்கொண்டு காற்றில் ஆடியது. கீழே இறங்கி அதை எடுத்துப்போட நெடுநேரம் எனக்குக் கை வரவில்லை. டிராக்டரில் இருந்தவரும் முந்தின நாள் காலையிலிருந்து தூங்காதவர்தான். பின்னால் லாரி வந்து நின்றதே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் முதலாளியிடம் சொன்னபோது வண்டிக்கு ஏதும் அடியா என்று கேட்டார்; இல்லை என்றதும் அடுத்த லோடுக்கு நேரம் குறித்தார்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அது வைத்த வரம்பு. என் 31 ஆண்டுகளில் சோதனைச் சாவடிகளில் பெர்மிட் கேட்டிருக்கிறார்கள், எஃப்சி என்னும் வாகனத் தகுதிச் சான்று கேட்டிருக்கிறார்கள், எடை போடச் சொல்லியிருக்கிறார்கள்; எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறாய் என்று ஒருவரும் ஒரு முறையும் என்னைக் கேட்டதில்லை. அந்த இரவில் என் லாரியில் ரேடாரோடு இணைந்த தானியங்கி பிரேக் இருந்திருந்தால், விளக்கில்லாத அந்த டிரெய்லரை அது இருட்டிலேயே கண்டிருக்கும். ரேடாருக்கு வெளிச்சம் வேண்டாம். அதற்குத் தூக்கம் வராது. ரிட்டன் லோடுக்காக அது அவசரப்படாது. ஓட்டுநர் சமூகத்தில் பிறந்து வளர்ந்தவன் இதை எழுதுகிறானே என்று என் நண்பர்கள் சிலர் வருந்தலாம். ஒரு தோகை அளவு இடைவெளியில் உயிர் தப்பியவன் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இயந்திரத்தின் கணக்கையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். 2004-இல் அமெரிக்கப் பாலைவனத்தில் நடந்த ஓட்டுநரில்லா வாகனப் போட்டியில் ஒரு வண்டியும் இலக்கை அடையவில்லை. அதிக தூரம் போன வண்டி சுமார் 12 கிலோமீட்டரில் நின்றுபோனது. அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வண்டி 212 கிலோமீட்டரை ஓடி முடித்து வென்றது. இன்று ஃபீனிக்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களில் வேமோ நிறுவனத்தின் கார்கள் முன்னிருக்கையில் ஆளில்லாமல் வாடகைக்கு ஓடுகின்றன. அவை ஓடிய சுமார் 4 கோடி கிலோமீட்டரை ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆராய்ந்து 2024 இறுதியில் வெளியிட்டார்கள். மனிதர் ஓட்டும் கார்களோடு ஒப்பிட்டால், உடற்காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 92 விழுக்காடும் பொருட்சேதத்துக்கானவை 88 விழுக்காடும் குறைவு என்பது அதன் முடிவு. ஆய்வில் அந்த நிறுவனமே பங்கெடுத்திருப்பதால் நான் அதை ஓரடி தள்ளி நின்றே படிக்கிறேன். ஆனாலும் தூக்கி எறிந்துவிடக்கூடிய கணக்கு இல்லை அது. முன்கூட்டியே அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கிய தெருக்களில், கோடு கோடாக ஒழுங்கில் போகும் வண்டிகளுக்கு நடுவே கிடைத்த கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த ஒழுங்கு சற்றுக் குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2018 மார்ச் 18 அன்று இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் மீது மோதிக் கொன்றது. அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துக் கண்டது இது: மோதலுக்கு 5.6 நொடி முன்பே கருவி அந்தப் பெண்ணைக் கண்டுவிட்டது. ஆனால் இனம் தெரியாத பொருள் என்றும், வாகனம் என்றும், சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி முடிவு செய்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை முடிவை மாற்றும்போதும் அவர் எந்தத் திசையில் போகிறார் என்ற கணிப்பைப் புதிதாகத் தொடங்கியது. கடப்பதற்கென்று கோடு போட்ட இடம் இல்லாத இடத்தில் ஒரு மனிதர் நடந்து கடப்பார் என்பதே அதன் வடிவமைப்பில் கருதப்படவில்லை.

இதைப் படித்த அன்று நான் கோரிப்பாளையம் சந்திப்பில் போய் நின்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கையில் டிரிப்ஸ் பாட்டிலோடு வெளியே வருகிறவர்கள், கல்லூரி மாணவிகள், பூக்கூடைக்காரர்கள் எல்லாரும் இடைவெளி கிடைத்த இடத்தில் கடக்கிறார்கள். கோடு எங்கே இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. பார்த்தாலும் கோடு அழிந்துபோயிருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர் அவர்களின் காலைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்க்கிறார். நான் என் மாணவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது அதுதான். கடக்கிறவர் உன்னைப் பார்த்துவிட்டாரா என்று பார்; பார்த்துவிட்டு நடந்தால் அவர் நின்றுவிடுவார், பார்க்காமல் நடந்தால் நீ நின்றுவிடு என்பேன். இந்த ஒரு பாடத்தை இயந்திரத்துக்குச் சொல்லித்தர இன்னும் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை அதைக் கட்டுகிறவர்களே அறிவார்கள்.

பேரையூர்ப் பக்கம் தை மாசியில் கொள்ளுச் செடியை அறுத்துச் சாலையில் பரப்பி வைப்பார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி ஏறித் தாள் வேறு மணி வேறாகப் பிரியும். ஓரத்தில் முறத்தோடு நிற்கும் பாட்டி கையை வீசி "மேலேயே போப்பா" என்பார். பேருந்து ஓட்டுகிறவன் வேகத்தைக் குறைத்து அதன் மேலேயே ஏற்றிப் போவான். தாழ்வான கார் ஓட்டுகிறவன் அப்படிப் போகக் கூடாது, தாள் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும் என்பது அனுபவப்பட்டவனுக்குத் தெரியும். சாலையில் கிடப்பது தடையா, தானியமா, அதன் மேல் போகலாமா கூடாதா என்பதற்கெல்லாம் பாட்டியின் கையசைப்பும் வண்டியின் உயரமும் சேர்ந்துதான் விடை தருகின்றன. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை நாளன்று தல்லாகுளத்தில் கள்ளழகர் வேடமிட்டுத் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வருகிறவரை, சைக்கிளைத் தள்ளிய பெண்ணையே இனம் காண முடியாத கருவி என்னவென்று கொள்ளும்? அன்றைய இரவில் எந்தத் தெரு வழி, எந்தத் தெரு அடைப்பு என்பது போக்குவரத்துக் காவலரின் கையில் இருக்கும் டார்ச்சுக்குத்தான் தெரியும். வரைபடத்துக்குத் தெரியாது.

இந்த வேற்றுமையை நம் நாட்டு ஆய்வாளர்கள் உணராமலில்லை. ஜெர்மன் நகரங்களில் எடுத்த படங்களைக் கொண்டு பழக்கிய கருவி நம் சாலையில் திணறும் என்று கண்டு, ஹைதராபாத் ட்ரிபிள் ஐடி என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தினர் இன்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து 2018-இல் சுமார் 10,000 படங்கள் கொண்ட இந்தியச் சாலைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அதில் ஆட்டோ தனி வகை. விலங்கு தனி வகை. தார் முடிந்த பிறகும் வண்டி இறக்கி ஓட்டக்கூடிய மண் ஓரம்கூடத் தனி வகை. ஹைதராபாத் ஐஐடி-யில் ஓட்டுநரில்லா வாகனங்களுக்கென்றே சோதனைத் தளம் 2022-இல் திறக்கப்பட்டது. ஆக, ஒருபுறம் உங்கள் அரசின் பணத்திலேயே ஆராய்ச்சி நடக்கிறது. மறுபுறம் வரவே கூடாது என்கிறீர்கள். வர வேண்டுமானால் என்ன தகுதியோடு வர வேண்டும் என்பதை மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

டி.வி.எஸ். பேருந்துகள் மதுரையிலிருந்து ஓடத் தொடங்கிய காலத்தில், மாட்டு வண்டிகளிலிருந்து உதிர்ந்த லாட ஆணிகள் டயரைக் கிழிக்காமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். புதிய வண்டி வந்தபோது முதலில் அதற்கு வேண்டிய சாலையைத் தயார் செய்தவர்கள் இருந்த ஊர் இது.

நான் மிகவும் வருந்திச் சொல்ல விரும்புவது இனிமேல்தான் வருகிறது. மதுரைக்குத் தெற்கே நான்குவழிச்சாலையில், ஒரு கிராமத்தின் எதிரே, நடுத்தடுப்பில் ஒரு திறப்பு இருக்கிறது. ஊர் ஒருபுறம், வயல் மறுபுறம். முறையாகத் திரும்பி வர வேண்டுமானால் 3 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும் என்பதால், எல்லாரும் அந்தத் திறப்பு வழியாகவே கடப்பார்கள். சிலர் எதிர்த்திசையிலும் வருவார்கள். ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்கு, டிவிஎஸ் 50-இல் இருபுறமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு எதிர்த்திசையில் வந்த ஒருவர் மீது என் நண்பரின் லாரி மோதியது. பால்காரர் அங்கேயே இறந்துபோனார். சாலையெங்கும் பால், அதற்கு நடுவே நண்பர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததை நான் பின்னால் வந்த வண்டியிலிருந்து பார்த்தேன். முதல் தகவல் அறிக்கையில், தமிழ்நாட்டில் எந்த விபத்துக்கும் எழுதப்படுகிற அதே வரி எழுதப்பட்டது: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". டேப் வைத்து அளந்தார்கள், சுண்ணாம்பால் கோடு போட்டார்கள், போய்விட்டார்கள். 6 ஆண்டுகள் வாய்தாவுக்கு அலைந்த பிறகு நீதிமன்றம் நண்பரை விடுவித்தது. அந்த 6 ஆண்டுகளில் அதே திறப்பில் நான் அறிய இன்னும் மூன்று பேர் இறந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டுநர் கிடைத்தார்; ஒவ்வொன்றுக்கும் அதே வரி எழுதப்பட்டது. ஒரு முறை கற்களைப் போட்டு அடைத்தார்கள். வயலுக்குப் போக வழியில்லாத மக்கள் மறுவாரமே அகற்றினார்கள். கீழே ஒரு சுரங்கப் பாதை வேண்டும் என்பது பால்காரரின் மனைவிக்குத் தெரிகிறது. சாலையைப் பராமரிக்கிறவர்களின் கோப்பில் அந்த இடம் இன்றைக்கும் ஒரு திறப்பு மட்டுமே.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் நீங்களே சேர்த்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உள்ள குறையால் உயிர் போனால் அதற்குப் பொறுப்பான அமைப்பும் ஒப்பந்ததாரரும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும் என்கிறது. அந்தத் திறப்பில் இறந்தவர்களில் ஒருவருக்காகவும் அந்தப் பிரிவு எடுக்கப்பட்டதாக நான் அறியவில்லை. ஓட்டுநர் ஒருவர் அகப்பட்டுவிட்டால் விசாரணை அவரோடு முடிந்துவிடுகிறது. என் தொழிலில் மனிதனை நம்ப முடியாமல் போனதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மனிதன் தவறுவது ஒரு பங்கு. அவன் தவற்றிலிருந்து எவரும் எதையும் கற்றுக்கொள்ளாதபடி அதை ஒரே வரியில் புதைத்துவிடுவது அதைவிடப் பெரிய பங்கு.

இயந்திரத்தின் பக்கம் எனக்கு ஏதேனும் நம்பிக்கை பிறக்கிறதென்றால் அதுவும் இந்த இடத்தில்தான். 2023 அக்டோபர் 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த ஒரு பெண், க்ரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் காரின் முன் வந்து விழுந்தார். அவர் மீது மோதி நின்ற அந்தக் கார், ஓரம் கட்டுவதாக எண்ணிக்கொண்டு, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துச் சென்றது. கொடுமையான பிழை. ஆனால் நடந்தது முழுவதும் காரிலேயே பதிவாகியிருந்தது. மூன்று வாரத்தில் கலிஃபோர்னிய மாநிலம் அந்த நிறுவனத்தின் உரிமத்தை நிறுத்தி வைத்தது. நவம்பரில் 950 கார்களின் மென்பொருளும் திருத்தப்பட்டது. ஒரு கார் செய்த பிழையிலிருந்து 950 கார்களும் ஒன்றாகக் கற்றுக்கொள்ள முடிந்தது. நாங்கள் அப்படிக் கற்கிறவர்கள் இல்லை; என் நண்பர் அந்தத் திறப்பில் கற்றதை அடுத்த லாரிக்காரர் தானே பட்டுத்தான் கற்றார். அதே சம்பவத்தில், இழுத்துச் சென்ற பகுதியை அதிகாரிகளிடம் முழுமையாகத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக அந்த நிறுவனம் பின்னர் அபராதம் கட்டியது. இயந்திரம் தானாகப் பொய் சொல்லவில்லை. அதன் உடைமைக்காரர்கள் உண்மையை முழுதாகச் சொல்லவில்லை. எனவேதான் பதிவையும் அறிக்கையையும் நிறுவனத்தின் மனச்சாட்சிக்கு விட்டுவிடாமல் சட்டத்தால் கட்ட வேண்டும் என்கிறேன்.

டெம்பி விபத்தில் இறுதியில் தண்டனை பெற்றவர் யார் என்பதையும் நோக்குங்கள். காரில் கண்காணிக்க உட்காரவைக்கப்பட்டிருந்த பெண் ஊழியர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 ஆண்டுக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். அந்த நேரத்தில் அவர் சாலையைப் பார்க்கவில்லை என்பது உண்மைதான். நிறுவனத்தின் மீது குற்றவழக்கு இல்லை. நாளைக்கு நம் ஊரில் இப்படி நடந்தால், அந்தப் பழைய வரியை யார் பெயருக்கு முன்னால் எழுதுவீர்கள்? 1988-ஆம் ஆண்டின் நம் சட்டம் உரிமம் பெற்ற மனிதன் ஒருவன் ஓட்டுவான் என்பதை அடிப்படையாகக் கொண்டது. பிரிட்டன் 2024-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. கார் தானாக ஓடிக்கொண்டிருந்தபோது நடந்ததற்கு உள்ளே இருந்தவர் குற்றவாளி ஆகமாட்டார். அனுமதி பெற்ற நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநருக்குக் குறையாத பாதுகாப்பு இருந்தால்தான் அனுமதி என்பவை அதன் சாரம். இதில் நமக்குப் புரியாதது எதுவுமில்லை. செய்ய முடியாததும் இல்லை.

இவையெல்லாம் ஓட்டுநரில்லாக் கார் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட முடியாதபடி, பாதி அளவு தானாக ஓடும் கார்கள் ஏற்கெனவே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டன. என் மருமகன் போன ஆண்டு வாங்கிய காரில், அடாஸ் என்று அவர்கள் சொல்லும் வசதி இருக்கிறது. முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டு அதுவே போகும், கோட்டுக்குள் அதுவே நிற்கும். விற்றவர் "நீங்க சும்மா கையை வெச்சிருந்தா போதும் சார், அதுவே பாத்துக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். விருதுநகர் போகும் வழியில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாலை வேலைக்காகப் புதிதாகப் போட்ட வளைவில், பழைய வெள்ளைக் கோடு அழிக்கப்படாமல் நேரே போனது; கார் பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு தடுப்பு டிரம்மை நோக்கிப் போனது. மருமகன் போனில் வந்த மெசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினேன். காரில் என் பேத்தி இருந்தாள். எதை நம்பலாம், எதுவரை நம்பலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஓட்டுநர் உரிமத் தேர்வில் அது ஒரு கேள்வியாகக்கூட இல்லை. எங்கள் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பாடத்திலும் இல்லை.

வேலை போகும் என்ற அச்சத்துக்கும் வருகிறேன். எங்களை உண்மையிலேயே காக்க எண்ணினால், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் தொடங்கியிருக்கலாம். லாரிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் இன்றே புலம்புகிறார்கள். என்னிடம் கற்கும் பிள்ளைகளில் கனரக உரிமம் கேட்கிறவர் அரிது. அவர்களை இந்தத் தொழிலிலிருந்து விரட்டியது இயந்திரம் இல்லை. தூக்கமில்லாத இரவுகளும், வண்டி ஓட்டும்வரை சம்பளம், நின்றால் ஒன்றுமில்லை என்ற நிலையும்தான். 2025 மார்ச்சில் நீங்கள் வெளியிட்ட வரைவில், பேருந்துகளுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் தானியங்கி அவசர பிரேக்கும் ஓட்டுநரின் தூக்கக்கலக்கத்தை எச்சரிக்கும் கருவியும் கட்டாயம் என்றிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். ஓட்டுநரை இருக்கையிலிருந்து இறக்காமல், அவருக்குத் துணையாக இயந்திரத்தை உட்காரவைக்கும் அந்த வழிதான் எங்கள் சாலைக்கு இன்று பொருந்தும்.

ஆகவே நான் கேட்பவை இவை. புதிய பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் அவசர பிரேக்கையும் தூக்க எச்சரிக்கையையும் தள்ளிப்போடாமல் கட்டாயமாக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளில் அவற்றைப் பொருத்த மானியம் கொடுங்கள், ஏனென்றால் இரவில் எதிரே வருவது பெரும்பாலும் பழைய வண்டியே. தூக்க எச்சரிக்கைக் கருவியின் பதிவை ஓட்டுநரைத் தண்டிக்கப் பயன்படுத்தாமல், 8 மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சொன்ன முதலாளியைக் கேட்கப் பயன்படுத்துங்கள். இது ஓட்டுநர்கள் அனைவரின் சார்பிலும் நான் வைக்கும் வேண்டுகோள்.

தானாக ஓடும் வசதியுள்ள கார் விபத்தில் சிக்கினால், அந்த நேரத்தில் அந்த வசதி இயங்கிக்கொண்டிருந்ததா என்பதை உற்பத்தியாளர் 10 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள்; தெரிவித்ததைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். கையை எடுக்கலாம் என்ற எண்ணத்தைத் தரும் விளம்பரங்களைத் தடை செய்யுங்கள். உரிமத் தேர்விலும் பயிற்சிப் பள்ளிப் பாடத்திலும் இந்த வசதிகளின் எல்லையைச் சேர்த்துத் தமிழில் அச்சிட்டு அனுப்புங்கள். முழுவதும் தானாக ஓடும் வண்டியை வரவிடமாட்டோம் என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு, எந்தச் சாலையில், எந்தத் தேர்வுக்குப் பிறகு, எவருடைய பொறுப்பில் என்பதைச் சட்டமாக எழுதுங்கள். அந்தத் தேர்வை ஆளில்லா அகலச் சாலையில் வைக்காமல், கோரிப்பாளையம் போன்ற ஒரு சந்திப்பில், முதலில் மனிதர் உடனிருக்க, ஆண்டுக்கணக்கில் நடத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர் போன ஒவ்வொரு விபத்திலும் ஓட்டுநரோடு சேர்த்துச் சாலையையும் வண்டியையும் வேலை நேரத்தையும் விசாரிக்கும் தனி அமைப்பு ஒன்றை மாவட்டந்தோறும் ஏற்படுத்துங்கள். அந்த விசாரணை முடியும்வரை "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வரியை எழுத வேண்டாம் என்று மாநிலங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரைக்குத் தெற்கே உள்ள அந்தத் திறப்பை நேரில் வந்து பார்க்க ஒரு பொறியாளரை அனுப்புங்கள். இடத்தைக் காட்ட நான் வருகிறேன், பால்காரரின் மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த மடலுக்கு எழுத்தில், தமிழில் பதில் தாருங்கள். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் வாரம் தவறாமல் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பதில் வந்ததும் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கனரக வாகன ஓட்டுநர்,
மதுரை.